எண் நிற்கிறது, இரத்தம் ஓடுகிறதா?

அறுவை அரங்கில் நோயாளியின் இரத்த அழுத்தம் சரிந்தால் என்ன செய்வது என்று மூத்த மயக்கவியல் மருத்துவர் ஒருவர் இளையவர்களுக்குப் பாடம் எடுத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதன் சாரம் இவ்வளவுதான். சராசரி அழுத்தம் 65-க்குக் கீழே இறங்காமல் நின்றால் உறுப்புகளுக்கு இரத்தம் போய்ச் சேர்கிறது என்று பொருள். எந்த மருந்தைக் கொடுத்து அதை நிலைநிறுத்தினோம் என்பது முக்கியமல்ல, தட்டில் எது இருக்கிறதோ அதைப் போடலாம். நுண்குழாய், நுண்சுற்றோட்டம் என்று பேசுகிறவர்கள் ஆய்வுக்கூடத்தில் பொழுதுபோக்குகிறவர்கள்.

கடைசி வரி வெறும் வசவு. அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடலாம். ஆனால் முதல் இரண்டு வரிகளும் தப்பு என்பது வெளியே தெரியாமலிருக்க அந்த வசவைத்தான் அவர் திரையாகப் பிடிக்கிறார். அதனால் இந்த எதிர்வினை.

துறைக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே பேசப்படுவது காலையில் காப்பியோடு விழுங்கும் பி.பி. மாத்திரை பற்றி அல்ல. அது அழுத்தத்தைக் குறைப்பது. இது அழுத்தத்தை ஏற்றுவது. முழு மயக்கத்துக்காகக் கொடுக்கும் புரோபோஃபோலும் செவோஃப்ளூரேன் போன்ற வாயுக்களும் இரத்தக்குழாய்களின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுகின்றன. குழாய் தளர்ந்தால் அழுத்தம் விழும். விழுந்ததைத் தூக்க ஃபினைல்எஃப்ரின், நார்அட்ரினலின், எஃபெட்ரின், நம் ஊர் தியேட்டர்களில் தாராளமாகப் புழங்கும் மெஃபென்டெர்மின் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சிரை வழியே கொடுப்போம். அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலருக்கு இது நடந்திருக்கும். அவர்களுக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவே.

இனி முதல் வாதம். அழுத்தம் நிலைத்தால் ஓட்டமும் நிலைக்கும் என்கிறார். மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு உடலியல் புத்தகத்தைத் திறந்தாலே போதும். அழுத்தம் என்பது ஓட்டத்தையும் தடையையும் பெருக்கி வருவது. பெருக்கல் விடையை மட்டும் வைத்துக்கொண்டு பெருக்கப்பட்ட எண்களில் ஒன்று எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்? கட்டுரையாளர் சொல்கிறார்! நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தம் வெளியேற்றிக்கொண்டிருந்த இதயம் 4 லிட்டராகக் குறைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே சமயம் குழாய்களின் தடை ஒன்றரை மடங்காகிறது. மானிட்டரில் 60 என்றிருந்த சராசரி அழுத்தம் 72 ஆகும். எண்ணைப் பார்த்து எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். உடம்புக்குள் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். மடையை அடைத்துவிட்டு, வாய்க்காலில் நீர்மட்டம் ஏறியிருப்பதைக் காட்டி வயல் நனைந்துவிட்டது என்று சொல்கிறவரை விவசாயி எந்தக் கண்ணால் பார்ப்பாரோ, அந்தக் கண்ணால்தான் இந்த வாதத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இது கற்பனைக் கணக்கு என்று அவர் ஒதுக்கலாம். மனிதர்களிடம் பார்த்ததைச் சொல்கிறேன். 2011-இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியா’ இதழில் மெங் குழுவினரின் ஆய்வு வந்தது. முழு மயக்கத்தில் இருந்த நோயாளிகளுக்கே ஃபினைல்எஃப்ரினையும் எஃபெட்ரினையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே சராசரி அழுத்தத்தை ஏற்றின. ஃபினைல்எஃப்ரின் கொடுத்தபோது இதயத்தின் வெளியேற்றம் இறங்கியது. நெற்றியில் ஒட்டிய உணரி காட்டிய மூளைத்திசு ஆக்சிஜன் அளவும் இறங்கியது. எஃபெட்ரினில் அந்த இறக்கம் இல்லை. மானிட்டரின் அழுத்தக் கட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு மருந்துகளும் ஒரே வேலையைச் செய்ததாகத்தான் தோன்றியிருக்கும்.

காரணம் ஒன்றும் மர்மமல்ல. ஃபினைல்எஃப்ரின் ஏறக்குறைய ஆல்ஃபா ஏற்பிகளை மட்டுமே தட்டுகிறது. அந்த ஏற்பிகள் நுண்தமனிகளின் தசைச்சுவரில் நிறைய இருக்கின்றன. சுவர் சுருங்குகிறது. அழுத்தம் ஏறியதைக் கழுத்துத் தமனியின் உணரிகள் மூளைக்குச் சொல்ல, இதயத்துடிப்பு இறங்குகிறது. எஃபெட்ரினும் மெஃபென்டெர்மினும் அப்படியல்ல. நரம்பு முனைகளில் சேமிப்பில் இருக்கும் நார்அட்ரினலினை வெளியே தள்ளி, இதயத்தையும் சேர்த்து முடுக்குகின்றன. நார்அட்ரினலின் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குழாயை இறுக்கும், இதயத்துக்கும் கொஞ்சம் கைகொடுக்கும். இத்தனை வேறுபாடுகளையும் ஒரே தட்டில் கொட்டி ‘எது இருக்கிறதோ அது’ என்று எழுத ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும். படிப்பு வேண்டியதில்லை.

ஃபினைல்எஃப்ரின் நுண்குழாய்களைத் தொடுவதில்லை என்று ஒரு வாக்கியம் வேறு கட்டுரையில் இருக்கிறது. மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தாக இதே ஃபினைல்எஃப்ரின்தான் விற்கப்படுகிறது. மூக்கின் உள்சவ்வில் இருக்கும் சின்னஞ்சிறு குழாய்கள் சுருங்குவதால்தான் அடைப்பு விலகுகிறது. மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்த விஷயம்!

குழாயின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதைப் பிரான்ஸின் புவாசேய் 1840-களிலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். ஓட்டம் ஆரத்தின் நான்காம் படியோடு மாறும். ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதே அழுத்தத்தில் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உயிருள்ள நுண்தமனி கண்ணாடிக் குழாய் அல்ல, இரத்தம் தண்ணீரும் அல்ல. கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாது. திசை மாறாது. நுண்தமனிகளைத் தாண்டி இருக்கும் தந்துகிகள் 5 முதல் 10 மைக்ரோமீட்டர் அகலம் கொண்டவை. சிவப்பணு 7, 8 மைக்ரோமீட்டர். பல இடங்களில் அது உடலை வளைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். திசு ஆக்சிஜனை வாங்கிக்கொள்வது அங்கேதான். கையில் கட்டிய பட்டையோ மணிக்கட்டுத் தமனியில் போட்ட ஊசியோ அளப்பது அந்த இடத்தின் அழுத்தத்தை அல்ல. தேவைக்கேற்பத் தந்துகிகளின் ஓட்டம் கட்டுப்படுத்தப்படும் விதத்தைக் கண்டறிந்ததற்காக டென்மார்க்கின் ஆகஸ்ட் கிரோவுக்கு நோபல் பரிசு கொடுத்தது 1920-இல். நூறு வருடத்துக்கு முந்தைய நோபலை ஆய்வுக்கூடப் பொழுதுபோக்கு என்று சொல்ல ஒரு தனி மனநிலை தேவை.

மூளை தன் ஓட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், ஆகவே 65 போதும் என்று அடுத்து எழுதுகிறார். தன்னாளுகை பற்றி லாசன் 1959-இல் வரைந்த கோட்டை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்று தெரிகிறது. அந்தக் கோட்டின் தட்டையான பகுதி எங்கே தொடங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பல வருடங்களாக உயர் இரத்த அழுத்தத்தோடு வாழ்ந்தவருக்கு அது வலப்பக்கம் நகர்ந்திருக்கும். இருபது வயதுப் பெண்ணுக்கும் எழுபது வயது சர்க்கரை நோயாளிக்கும் 65 என்று ஒரே கோடு போடுவது நிர்வாக வசதிக்காக. உடலியலுக்கு அதில் பங்கில்லை.

இப்போது ஒரு சோதனையைப் பார்ப்போம். மொத்த ஓட்டம் குறையவே முடியாதபடி கட்டிப்போட்டுவிட்டு, அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும்? இதய அறுவை சிகிச்சையில் இது நிஜமாகவே நடக்கிறது. இதயத்தின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். அந்த நிலையில் நோயாளிகளின் நாக்கடியைக் கைநுண்ணோக்கி வழியே பார்த்த ஆய்வு ஒன்று 2009-இல் வந்தது. ஃபினைல்எஃப்ரின் கொடுத்ததும் அழுத்தம் ஏறியது. நாக்கடியின் சிறு குழாய்களில் ஓட்டம் குறைந்தது. இயந்திரம் தள்ளிய இரத்தம் எங்கும் காணாமல் போகவில்லை. சிறு குழாய்களைத் தவிர்த்துவிட்டு அகலமான பாதைகள் வழியாகத் திரும்பிவிட்டது. இதயத்தின் வெளியேற்றம் சரியாக இருந்தால்கூட நுண்குழாய்கள் பட்டினி கிடக்கலாம் என்பதற்கு இதைவிடத் துப்புரவான சாட்சி கிடைப்பது அரிது. கான் இன்ஸ் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் 2015-இல் இந்த முறிவை விரிவாக எழுதினார். மேலே எண்கள் சீராகும், கீழே ஓட்டம் சீராகாது, இரண்டுக்கும் இடையே இருந்த இசைவு அறுந்துவிட்டது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

2018-இல் கோபன்ஹேகனிலிருந்து வெடல் குழுவின் ஆய்வு. அதே இயந்திரம், 197 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு அழுத்தம் 40–50, மறுபாதிக்கு மருந்தால் ஏற்றி 70–80. பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் புதிதாக மூளைத்திசு இறந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். ஏற்றிய குழுவில் 55.7 சதவீதம், ஏற்றாத குழுவில் 52.8 சதவீதம். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. எண்ணை ஏற்றுவதே மூளையைக் காப்பது என்றால் இந்த 20, 30 புள்ளி ஏற்றத்துக்கு ஏதாவது கூலி கிடைத்திருக்க வேண்டாமா?

கட்டுரையாளரின் தலைமைச் சாட்சி ‘இன்பிரஸ்’ என்று அழைக்கப்படும் பிரெஞ்சு ஆய்வு. 2017-இல் ஜாமா இதழில் வந்தது, நல்ல ஆய்வு. அதைத்தான் பக்கத்துக்குப் பக்கம் தூக்கிப் பிடிக்கிறார். ஒரு குழுவுக்கு, அவரவர் வழக்கமான மேல் அழுத்தத்திலிருந்து பத்து சதவீதத்துக்குள் நிற்குமாறு நார்அட்ரினலின் ஓட்டினார்கள். மற்றக் குழுவுக்கு, மேல் அழுத்தம் 80-க்குக் கீழே போனாலோ 40 சதவீதம் விழுந்தாலோ மட்டும் எஃபெட்ரின். உறுப்புச் செயலிழப்போடு கூடிய அழற்சி எதிர்வினை ஏழு நாளுக்குள் முதல் குழுவில் 38.1 சதவீதம், இரண்டாவதில் 51.7 சதவீதம். இதைக் காட்டி, எண்ணைப் பிடித்தால் உறுப்பு பிழைக்கும், தீர்ந்தது விவாதம் என்கிறார்.

தீரவில்லை. அந்த ஆய்வில் ஃபினைல்எஃப்ரின் சோதிக்கப்படவே இல்லை. அதன் வெற்றியை எடுத்து ஃபினைல்எஃப்ரின் சிரிஞ்சுக்கு மாலை போட என்ன உரிமை? அதில் யாருக்கும் 65 என்ற பொதுக் கோடு போடப்படவும் இல்லை. வென்ற குழுவில் ஒவ்வொருவரின் சொந்த அழுத்தமே அளவுகோல். அதாவது கட்டுரையாளர் எதை வேண்டாம் என்கிறாரோ அதைச் செய்துதான் அந்த ஆய்வு வென்றது. இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு குழுக்களிலும் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ளும் இரத்த அளவைக் கண்காணித்து, அதற்கேற்பத் திரவம் ஏற்றியிருந்தார்கள். ஓட்டத்தை முதலில் உறுதி செய்துவிட்டு அதன்மேல் அழுத்தத்தைச் சீர்செய்தார்கள். ஓட்டம் பார்க்கத் தேவையில்லை என்று வாதாட வந்தவர், ஓட்டம் பார்த்த ஆய்வைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். குறுக்கு விசாரணைக்குக்கூட வேலை வைக்கவில்லை.

2023-இல் வந்த ‘பாய்ஸ்-3’ ஆய்வை அவர் ஏன் விட்டார் என்று கேட்பது நாகரிகக் குறைவா தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். 7,490 நோயாளிகள். ஒரு குழுவுக்கு அறுவையின்போது சராசரி அழுத்தம் 80 அல்லது அதற்கு மேல், மற்றதற்கு 60 அல்லது அதற்கு மேல் என்று இலக்கு. இதய, இரத்தக்குழாய்ச் சிக்கல்கள் 13.9 சதவீதம், 14.0 சதவீதம். ‘இன்பிரஸ்’ஸைவிட இருபத்தைந்து மடங்கு பெரிய ஆய்வு. எண்ணை உயர்த்திப் பிடிப்பது மட்டும் மந்திரமல்ல என்கிறது.

அப்படியானால் அழுத்தம் விழுந்து கிடக்கட்டும் என்கிறேனா? இந்தப் பழியைத்தான் கட்டுரையாளர் நுண்குழாய்க்காரர்கள் எல்லோர் தலையிலும் கட்டுகிறார். கிளீவ்லாந்தில் 33,330 அறுவைகளைப் புரட்டிய 2013-ஆம் ஆண்டு ஆய்வு, சராசரி அழுத்தம் 55-க்குக் கீழே சில நிமிடம் இருந்தாலே சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் சேதம் கூடுவதோடு அது தொடர்புள்ளது என்று காட்டியது. இதை மறுத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் எந்த நுண்குழாயும் பிழைக்காது. அங்கே மருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

மருந்தே எமன் என்று எதிர்முனையில் நின்று கத்துகிறவர்களும் உண்டு. அவர்களோடும் எனக்கு ஒட்டில்லை. மயக்க மருந்து தேவைக்கு மேல் தளர்த்திய குழாயை அதன் இயல்பான இறுக்கத்துக்குத் திருப்புவது நெரிப்பது ஆகாது. ஸ்வீடனின் ரெட்ஃபோர்ஸ் குழு 2011-இல் காட்டியதும் இதைத்தான். இதய அறுவைக்குப் பிறகு குழாய்கள் தளர்ந்துபோன நோயாளிகளுக்கு நார்அட்ரினலினால் சராசரி அழுத்தத்தை 60-லிருந்து 75-க்கு ஏற்றியபோது சிறுநீரகத்துக்குப் போகும் ஆக்சிஜனும் வடிகட்டலும் கூடின. ஊசியை விட்டுவிட்டு சலைனாக ஏற்றித் தள்ளுவதும் மாற்று அல்ல. வீங்கிய திசுவில் தந்துகிக்கும் செல்லுக்கும் இடையே தூரம் கூடும், ஆக்சிஜனுக்கு நடை கூடும்.

ஃபினைல்எஃப்ரினுக்கும் நியாயம் செய்ய வேண்டும். நம் இரத்தத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் சிரைகளில் இருக்கிறது. இந்த மருந்து சிரைகளையும் இறுக்குவதால் அங்கே தேங்கியது இதயத்துக்குத் திரும்புகிறது. மயக்கத்தில் இருந்த பன்றிகளில் நடந்த 2012-ஆம் ஆண்டு ஆய்வு இதன் இரண்டு முகங்களையும் காட்டியது. நிரம்பாத இதயத்தில் ஃபினைல்எஃப்ரின் வெளியேற்றத்தைக் கூட்டியது. நிரம்பிய இதயத்தில் குறைத்தது. ஒரே மருந்து, ஒரே எண், எதிரெதிர் விளைவு. கட்டுரையாளரின் பரிந்துரையில் எனக்குப் பயம் தருவது இந்த இடம்தான். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். ஃபினைல்எஃப்ரின் போடப் போட சிரை இறுகி, அழுத்தம் நின்று, எண் அழகாக இருக்கும். இழந்த இரத்தம் கணக்கில் வராது. இருப்பெல்லாம் பிழிந்து முடிந்த நிமிடத்தில் மானிட்டர் உண்மையைச் சொல்லும். அப்போது கேட்பதற்கு நேரம் இருக்காது.

டென்மார்க்கின் கோக் குழு 2020-இல் மூளைக்கட்டி நோயாளிகளிடம் பெட் ஸ்கேன் வழியே பார்த்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். கட்டி இல்லாத பக்கத்து மூளையில் எஃபெட்ரின் பெற்றவர்களுக்கு ஓட்டம் ஃபினைல்எஃப்ரின் பெற்றவர்களைவிட அதிகம். ஆனால் மூளை எடுத்துக்கொண்ட ஆக்சிஜனின் அளவில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஓட்டம் குறைந்தால் மூளை இருப்பதிலிருந்து கூடுதலாக உறிஞ்சிச் சமாளிக்கிறது. நல்ல மூளைக்கு அந்தச் சமாளிப்பு போதும். ஏற்கெனவே அடைப்புள்ள குழாய்களோடு, இரத்தச்சோகையோடு மேசையில் படுத்திருப்பவருக்கு அந்தக் கையிருப்பு எவ்வளவு மிச்சம் என்பது வேறு கேள்வி. கட்டுரையாளர் இந்த ஆய்வைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தால் என் வேலை கடினமாகியிருக்கும். அவர் படித்ததாகவே தெரியவில்லை.

சிசேரியன் வாதம் ஒன்று உண்டு. இத்தனை தாய்மார்களுக்கு ஃபினைல்எஃப்ரின் போடுகிறோம், என்ன ஆயிற்று என்கிறார். அது முதுகில் ஊசி போட்டுச் செய்வது, முழு மயக்கம் அல்ல. தாய் விழித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள், பெரும்பாலும் இளம் வயது, நல்ல குழாய்கள். அங்கே ஃபினைல்எஃப்ரின் முந்தியது தாயின் நுண்குழாய்களுக்கு நல்லது என்பதற்காக அல்ல. எஃபெட்ரின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டுகிறது என்பதற்காக. அங்கேயும் 2015-இல் ஹாங்காங்கின் ங்கான் கீ, நார்அட்ரினலினில் தாயின் இதய வெளியேற்றம் மேலாக நிற்கிறது என்று காட்டிவிட்டார்.

நாக்கடி நுண்ணோக்கி எந்தத் தியேட்டரிலும் அன்றாடம் இல்லை, நாக்கு சிறுநீரகமும் அல்ல என்று அவர் சொல்வது சரி. அளக்கக் கருவி இல்லாததால் அளக்கப்பட வேண்டியதே இல்லை என்று தாவுவது சரியல்ல. கையில் இருப்பதையாவது பார்க்கலாமே! வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கோடு ஒவ்வொரு மானிட்டரிலும் ஓடுகிறது. மூச்சு இயந்திரத்தின் அளவுகளை மாற்றாதபோது, ஊசி போட்டு ஒரு நிமிடத்தில் அழுத்தம் ஏறி அந்தக் கோடு இறங்கினால், நுரையீரலுக்கு வரும் இரத்தம் குறைந்திருக்கிறது. காசு செலவில்லை, புதுக் கருவி வேண்டாம். கட்டுரையில் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நார்அட்ரினலினைக் கழுத்துச் சிரையில் குழாய் போட்டால்தான் கொடுக்க முடியும், கைச் சிரையில் கொடுத்தால் தோல் கருகிவிடும், ஆகவே ஃபினைல்எஃப்ரினைத் தவிர வழியில்லை என்பது அவருடைய கடைசிக் கோட்டை. நீர்த்த நார்அட்ரினலினைக் கைச் சிரை வழியே பெற்ற 14,000-க்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகளின் பதிவுகள் நெதர்லாந்தில் தொகுக்கப்பட்டு 2020-இல் வெளியாயின. மருந்து குழாய்க்கு வெளியே கசிந்தது 5 பேருக்கு. திசு கருகியது ஒருவருக்கும் இல்லை.